இரும்புக் குண்டுக்கு ராசி உண்டா?

(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டமொன்றில் நாம் பேசியது)



இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பேரிங்கு என்பதைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்த சில தோழர்கள், "இது ஒர்க்ஷாப்பில் பேச வேண்டிய சங்கதியல்லவா? பொதுக்கூட்டத்தில் இதற்கு என்ன வேலை?" என்று நம்மைக் கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால், ஒரு பேரிங்கு உடைந்ததற்காக ஒரு ஏழைத் தொழிலாளி "ராசி இல்லாதவன்" என்று பட்டம் கட்டப்பட்டு வேலையைவிட்டுத் துரத்தப்பட்டதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். அந்தக் கதையைப் பிறகு சொல்லுகிறோம். அதற்கு முன்னால், அந்த இரும்பு வளையத்துக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எதனால் சாகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்டால் துரத்தினது சரியா தப்பா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். நாம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறியில், நீங்கள் ஏறிவந்த சைக்கிளில், பஸ்ஸில், கிணற்று மோட்டாரில், மாவு மில்லில், எங்கே ஒரு அச்சு சுற்றுகிறதோ அங்கே அனேகமாய் இது இருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் பால்ரஸ் என்பார். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கிற தத்துவம் ஒன்றுதான்.

முதலில் பழைய கட்டைவண்டியை எடுத்துக்கொள்ளுவோம். இருசிரும்பின்மேல் சக்கரத்தின் குடம் உட்கார்ந்து சுற்றுகிறது. இரும்பும் இரும்பும் முழு அகலத்துக்கும் ஒன்றோடொன்று தேய்கின்றன. இந்தத் தேய்ப்பை மட்டுப்படுத்துவதற்காகத்தான் வண்டிக்காரர் மை போட்டார். மை காய்ந்துவிட்டால் வண்டி அலறும். அந்த அலறல் இரண்டு மைல் தூரம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கான செலவை யார் கொடுத்தது? மாடு கொடுத்தது. மாடு இழுத்த இழுப்பில் ஒரு பங்கு மூட்டையை நகர்த்தவும், மற்றொரு பங்கு இரும்பைத் தேய்த்துச் சூடேற்றவும் போயிற்று.

ஒரு பெரிய பெட்டியைத் தரையில் தள்ளிப் பாருங்கள், நகராது. அதன் அடியில் நாலு உருளைக் கட்டைகளைக் கொடுத்துத் தள்ளுங்கள். ஒரு சிறு பையன் தள்ளினாலும் நகரும். பெட்டியின் பாரம் குறைந்துவிட்டதா? இல்லை. தேய்வது என்பது மாறி உருளுவது என்றாகிவிட்டது, அவ்வளவுதான். இந்த உருளைக் கட்டையை வட்டமாய் வளைத்து, ஒரு அச்சைச் சுற்றி, திரும்பத் திரும்ப வருகிற மாதிரி வைத்துவிட்டால் அதுதான் பேரிங்கு. கட்டைக்குப் பதில் எஃகு உருளை வைத்தால் உருளை பேரிங்கு. குண்டு வைத்தால் குண்டு பேரிங்கு.

எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்குக் கேட்பீர்கள். 1000 கிலோ பாரத்தைத் தாங்கும் அச்சில், மசகு சரியில்லாத சாதாரணப் புதையில் தேய்ப்புத் தடை சுமார் 100 கிலோ இருக்கும். அதே பாரம் நல்ல குண்டு பேரிங்கில் இருந்தால் தடை ஒன்றரைக் கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பக்கமாய்ப் பேசக்கூடாது. எண்ணெய் பம்பு வைத்து அச்சை எண்ணெயிலேயே மிதக்க விடுகிற ஏற்பாடு இருந்தால் சாதாரணப் புதையும் இதற்குச் சமமாக நிற்கும். மோட்டார் கார் இஞ்சினின் வளைவு அச்சும், மின்சார நிலையத்துப் பெரிய டர்பைன்களும் இன்றைக்கும் அனேகமாய் அப்படித்தான் சுற்றுகின்றன. ஆனால் அந்த மிதப்பு அச்சு வேகமாய்ச் சுற்றினால்தான் உண்டாகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இரும்பு இரும்பின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். குண்டு பேரிங்குக்கோ கிளம்புவதும் ஓடுவதும் ஏறக்குறைய ஒன்றே. நின்று நின்று போகிற வண்டிக்கு அது பெரிய லாபம்.

சரி, இவ்வளவு சுலபமான யோசனை ஏன் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊரெங்கும் பரவவில்லை? யோசனை பழையதுதான். இத்தாலி தேசத்தில் நேமி என்கிற ஏரியின் அடியிலிருந்து ரோமச் சக்கரவர்த்தி காலிகுலா காலத்துக் கப்பல்களை 1928 முதல் 1932 வரை ஏரித் தண்ணீரை இறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவற்றில் வெண்கலக் குண்டுகளின்மேல் சுற்றுகிற மேடை இருந்தது தெரியவந்தது. லியோனார்டோ டாவின்சி சுமார் 1500-ம் வருஷ வாக்கில் குண்டு பேரிங்கைப் படமாய் வரைந்து வைத்திருக்கிறார். வேல்ஸ் நாட்டில் பிலிப் வான் என்பவர் 1794-ல் வண்டி அச்சுக்குக் குண்டு வைக்கும் முறைக்குப் பேட்டண்டு வாங்கினார். பாரிஸ் நகரத்துச் சைக்கிள் மெக்கானிக் ஜூல் சூரிரே 1869-ல் பேட்டண்டு வாங்க, அந்த வருஷம் நவம்பர் 7-ந் தேதி பாரிசிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் குண்டு பேரிங்கு வைத்த வண்டியில் ஏறிய ஜேம்ஸ் மூர் முதலாவதாய் வந்தார்.

ஆகவே யோசனைக்குக் குறைவில்லை. குறைவாயிருந்தது குண்டு. ஒரே அளவான, கெட்டியான, சரியான உருண்டையான குண்டு இல்லை. ஒன்பது குண்டில் ஒன்று மட்டும் மயிரிழை பெரிதாயிருந்தால், அந்த ஒன்றே மற்றவற்றின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும், சுமந்து வெடிக்கும். மற்ற எட்டும் வேடிக்கை பார்க்கும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியில் ஷ்வைன்புர்ட் என்கிற ஊரில் இருந்த பிரீட்ரிக் பிஷர் என்கிற மெக்கானிக். 1883-ல் அவர் குண்டு சாணை பிடிக்கும் இயந்திரம் ஒன்று செய்தார். இன்று குண்டு செய்கிற முறையைக் கேளுங்கள். முதலில் எஃகுக் கம்பியைத் துண்டு துண்டாய் வெட்டி, இரண்டு கிண்ண அச்சுகளுக்கு நடுவில் வைத்து ஒரே அடியில் உருண்டையாக்குகிறார்கள். நடுவில் பூரணக் கொழுக்கட்டைக்கு விளிம்பு இருப்பதுபோல ஒரு விளிம்பு நிற்கும். பிறகு ஆயிரக்கணக்கான குண்டுகளை ஒன்றாய் இரண்டு கனத்த தட்டுகளுக்கு நடுவில், காடி வெட்டின பள்ளங்களில் உருட்டுகிறார்கள். விளிம்பு போகிறது. பின்பு காய்ச்சித் துவைத்துக் கடினமாக்கி, மறுபடி சாணைத் தட்டுகளுக்கு நடுவில் உருட்டுகிறார்கள், கடைசியாய் மெருகு.

இதில் ஒரு நேர்த்தியைக் கவனியுங்கள். ஒவ்வொரு குண்டையும் யாரும் தனித்தனியே அளந்து செதுக்குவதில்லை. மேல்தட்டு அழுத்தும்போது எந்தக் குண்டு பெரிதோ அதன்மேல்தான் அழுத்தம் அதிகம் விழுகிறது. ஆகவே அதுதான் அதிகம் தேய்கிறது. சிறியதன்மேல் அழுத்தமில்லை, தேய்வதில்லை. குண்டு திசை மாறி மாறி உருளுவதால் அதன் மேட்டுப் பக்கம் எதுவோ அதுவே முதலில் கரைகிறது. ஓட ஓட எல்லாம் தாமாகவே ஒரே அளவுக்கு வந்து சேருகின்றன. நல்ல ரகத்தில் ஒரு தொகுதிக் குண்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசம் அரை மைக்ரானுக்கு மேற்படாது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் கனம் 50 மைக்ரானுக்கும் மேல். இதைச் செய்தது மந்திரமல்ல, இரண்டு இரும்புத் தட்டு.

நிற்க, பேரிங்கை இப்போது பிரித்துப் பார்ப்போம். அச்சைப் பிடித்துக்கொள்ளும் உள்வளையம் ஒன்று, வெளியே உட்காரும் வெளிவளையம் ஒன்று, இரண்டிலும் குண்டு ஓடத் தடம், நடுவே குண்டுகள், குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு. ஆக நாலே சாமான்கள். கூட்டைப் பார்க்கிறவர்கள் அது ஏதோ குண்டு கொட்டிப் போகாமல் இருப்பதற்காக என்று நினைப்பார்கள். அதுமட்டுமல்ல. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சக்கரம் ஒரே திசையில் சுற்றுகின்றன என்று வையுங்கள். அவை தொடுகிற இடத்தில் ஒன்றின் விளிம்பு மேலே போகும், மற்றதன் விளிம்பு கீழே வரும். ஒன்றுக்கொன்று நேர் விரோதம்! குண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் இப்படித்தான் எதிரெதிராய்த் தேய்ந்து, நாம் ஒழிக்க நினைத்த தேய்ப்பு பின்வாசலால் திரும்பி வந்துவிடும். அதற்காகத்தான் கூடு. அது பாரம் சுமப்பதில்லை. சண்டை வராமல் இடைவெளி வைக்கிறது.

கடையில் வாங்கும் பேரிங்கின்மேல் 6205 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். இதுவும் ரகசியமல்ல. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 05-ஐ ஐந்தால் பெருக்க 25. இந்த விதி 04 முதல் செல்லும். முன்னால் உள்ள 6 ஆழத்தடக் குண்டு ரகம் என்பதையும், 2 கனத்தின் வரிசையையும் சொல்லுகின்றன. வெளி அளவு 52 மில்லிமீட்டர், அகலம் 15. உள்ளே சாதாரணமாய் ஒன்பது குண்டுகள். அச்சு ஐந்து சுற்றுச் சுற்றினால் குண்டுகளும் கூடும் சேர்ந்து இரண்டு சுற்றுத்தான் வருகின்றன. சந்தேகமிருந்தால் கூட்டத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து வீட்டில் சுற்றி எண்ணிப் பாருங்கள்.

இந்த ஒன்பதும் பாரத்தைச் சமமாய்ப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நினைத்தால் அது தப்பு. பாரம் கீழ்நோக்கி இருந்தால் மேல்பாதியில் உள்ள குண்டுகள் சும்மா வருகின்றன. நட்டநடுவில் கீழே நிற்கிற ஒரே குண்டு மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சுமக்கிறது. இதை 1901-ம் வருஷ வாக்கில் ஜெர்மனியில் ரிச்சர்டு ஸ்டிரீபெக் என்பவர் சோதனை செய்து கணக்கிட்டுக் காட்டினார். நம் சமூகத்திலும் கீழே நிற்கிறவன்தானே சுமக்கிறான் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் பேரிங்கு நம் சமூகத்தைவிட யோக்கியமானது; அதில் கீழே வந்த குண்டு அடுத்த க்ஷணம் மேலே போய் இளைப்பாறுகிறது, மேலே இருந்தது கீழே வந்து சுமக்கிறது.

முறை மாறாதது ஒன்று உண்டு. சுற்றாமல் நிற்கிற வளையத்தில் பாரம் விழுகிற இடம் எப்போதும் ஒன்றே. சைக்கிள் முன்சக்கரத்தில் அச்சு நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது. ஆகையால் கோனின் அடிப்பக்கம் மட்டும் குழி விழும், மேல்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும். விவரம் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் கோனை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு உங்களுக்கு ஒரு கோன் காசை மிச்சம் பிடித்துக் கொடுப்பார்.

இனி, எதனால் சாகிறது என்பதற்கு வருவோம். குண்டு தடத்தைத் தொடுவது கணிதப்படி ஒரு புள்ளியில். புள்ளிக்குப் பரப்பே கிடையாது. பரப்பில்லாத இடத்தில் பாரம் விழுந்தால் அழுத்தம் அளவற்றதாக வேண்டும். எந்த எஃகும் நிற்க முடியாது. ஆனால் நிற்கிறதே, எப்படி? எஃகும் ரப்பரைப்போல் அமுங்குகிறது என்பதுதான் பதில். குண்டும் தடமும் துளி அமுங்கி, புள்ளி ஒரு சிறு வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ விரிந்துகொள்ளுகிறது. பாரம் போனதும் பழையபடி நிமிர்ந்துகொள்ளுகிறது. இந்தக் கணக்கை 1881-ம் வருஷம் பெர்லினில் முதல்முதல் போட்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்; அப்போது அவர் 24 வயதுகூட நிரம்பாத வாலிபர். அவர் யோசிக்க ஆரம்பித்தது கண்ணாடி வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் என்ன ஆகும் என்பதை. பிற்காலத்தில் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியவரும் இவரே. வில்லைக்குப் போட்ட கணக்கு வண்டி அச்சுக்கு உதவிற்று.

அந்தக் கணக்குப்படி, குண்டின்மேல் பாரத்தை எட்டு மடங்கு ஆக்கினால்தான் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகும். இருந்தாலும் சாதாரணமாய் ஓடுகிற பேரிங்கில் தொடுகிற இடத்து அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 ஆயிரம் கிலோ வரை போவதுண்டு. லாரி டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் எட்டுக் கிலோ அளவுதான் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதைத் தாங்குவதற்காக நூற்றுக்கு ஒரு பங்கு கரியும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் சேர்ந்த எஃகைக் காய்ச்சிக் கடினமாக்குகிறார்கள்.

அழுத்தம் அவ்வளவு இருக்கும்போது நடுவில் கிரீஸ் எப்படி நிற்கும் என்று ஒரு தோழர் போன கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. அந்த அழுத்தத்தில் எண்ணெய் நாம் பார்க்கிற எண்ணெயாக இருப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான நேரம் குங்கிலியம்போல் இறுகிவிடுகிறது. அப்படி இறுகின படலம், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனத்தோடு, குண்டையும் தடத்தையும் தொடவிடாமல் பிரிக்கிறது. இந்த மெல்லிய படலத்துக்குள் பத்து மைக்ரான் மணல் துகள் ஒன்று வந்து நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டுமா? தெருப்புழுதியானாலும், தவிட்டுத் தூசியானாலும், ஆயுத பூஜையன்று மூடி கழன்ற பேரிங்கின்மேல் அப்பின சந்தனமும் குங்குமமும் ஆனாலும் குண்டுக்கு எல்லாம் தூசிதான்.

படலம் சரியாய் இருந்து, தூசியும் இல்லாமல் இருந்தால் பேரிங்கு சாகாதா? சாகும். குண்டு ஒவ்வொரு முறை உருண்டு போகும்போதும் எஃகு ஒரு தரம் அமுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிகிறதல்லவா, அதே காரணம். இதில் விசேஷம் என்னவென்றால், அதிகப் பிளவு விசை மேல்தோலில் இல்லை. தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கே எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத கசடு ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் பிளவு ஆரம்பித்து, மெல்ல மேலே வந்து, ஒருநாள் தடத்தில் செதிளாய்ப் பெயர்ந்து விழும். அன்றுதான் நமக்குச் சத்தம் கேட்கிறது. ஆனால் சாவு ஆரம்பித்தது எத்தனையோ லட்சம் சுற்றுக்கு முன்பு. எஃகைக் காற்றில்லாத வெற்றிடத்தில் உருக்கிக் கசடு நீக்கும் முறைகள் வந்த பிறகு பேரிங்கின் ஆயுள் பல மடங்கு ஏறிற்று என்பதே இந்தக் காரணம் மெய் என்பதற்குச் சாட்சி.

இங்கேதான் "தலையெழுத்து"க்காரர்கள் ஒரு கேள்வி போடுவார்கள். "ஒரே நாளில், ஒரே எஃகில், ஒரே இயந்திரத்தில் செய்த நூறு பேரிங்கை ஒரே பாரத்தில் ஓட்டினால் எல்லாம் ஒரே நாளில் சாகிறதா? இல்லையே! ஒன்று பத்து நாளில் போகிறது, ஒன்று பத்து வருஷம் ஓடுகிறது. இது விதி இல்லாமல் வேறென்ன?" என்பார்கள்.

தோழர்களே, இந்தக் கேள்வியை ஸ்வீடன் தேசத்து என்ஜினீயர்கள் விதியென்று கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. எண்ணினார்கள். ஆர்விட் பால்ம்கிரென் என்பவர் 1924-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். 1947-ல் அவரும் குஸ்தாப் லுண்ட்பெர்க் என்பவரும் அதைத் திருத்தி உறுதி செய்தார்கள். இன்ன பேரிங்கு இன்ன தேதியில் சாகும் என்று அவர்கள் ஜோசியம் சொல்லவில்லை. நூறு ஓடினால் பத்து சாகிறதற்குள் எத்தனை சுற்று ஆகும் என்பதைச் சொன்னார்கள். கடைக்காரர் அட்டவணையில் ஆயுள் என்று போட்டிருப்பது இதுதான்: தொண்ணூறு பேர் உயிரோடு இருக்கிற கணக்கு. பாதிப்பேர் சாகிறதற்கு அதைப்போல் நாலைந்து மடங்கு காலம் ஆகும்.

கணக்கு சுலபம். பேரிங்கின் அட்டவணைத் திறனை அதன்மேல் விழும் பாரத்தால் வகுத்து, வந்ததை மூன்று தரம் ஒன்றோடொன்று பெருக்கினால் எத்தனை பத்து லட்சம் சுற்று என்று வரும். நாம் சொன்ன 6205-க்குத் திறன் சுமார் 1400 கிலோ. பாரம் 140 கிலோ என்று வையுங்கள். வகுத்தால் 10; மூன்று தரம் பெருக்க 1000; ஆகவே 100 கோடி சுற்று. நிமிஷத்துக்கு 1000 சுற்று வீதம் இரவு பகலாய் ஓட்டினால் ஏறக்குறைய 694 நாள். இப்போது பாரத்தை இரண்டு மடங்கு ஆக்குங்கள். ஆயுள் பாதியாகும் என்பீர்கள். இல்லை, எட்டில் ஒரு பங்காகும். 694 நாள் 87 நாளாகிவிடும்.

இந்த 87-ஐ மனதில் வைத்துக்கொண்டு, முதலில் சொல்லாமல் விட்ட கதையைக் கேளுங்கள். ஒரு சிற்றூரில் ஓர் அரிசி மில். வருஷக்கணக்கில் நன்றாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் பிரதான அச்சின் பேரிங்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக ஆரம்பித்தது. முதலாளி தேங்காய் உடைத்தார்; பூசணிக்காய் கட்டினார்; எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டார். மூன்றாவது தரமும் போயிற்று. மூன்று தரமும் இராமுறையில் ஒரே ஆள் நின்றிருந்தபோது உடைந்ததாம். "அவன் ராசி" என்று பேச்சுக் கிளம்பிற்று. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான அந்த ஆளின் சீட்டுக் கிழிந்தது.

நாம் வேறு காரியமாய் அங்கே போனபோது இதைக் கேள்விப்பட்டு மில்லைப் பார்த்தோம். பெல்ட்டைத் தொட்டால் வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. விசாரித்ததில், நெல் அதிகம் அரைக்க வேண்டுமென்று முதலாளியே அந்த வருஷம் கப்பியை மாற்றி, பெல்ட்டு வழுக்குகிறதென்று இறுக்கச் சொல்லியிருக்கிறார். பெல்ட்டை இறுக்குவது என்றால் அச்சைப் பக்கவாட்டில் இழுப்பது. அந்த இழுப்பு முழுவதும் பேரிங்கின்மேல் பாரம். இராமுறையில் ஏன் உடைந்தது? நாள் முழுவதும் ஓடிச் சூடேறின இயந்திரம் இராத்திரியில்தான் அதிகப் பாடுபட்டது. மற்றவர்கள் முறையில் மில் பாதிநேரம் நின்றிருந்தது. முதலாளிக்குக் கணக்கைப் போட்டுக் காட்டினோம். மனுஷர் புத்திசாலி, மறுநாளே அகலமான பெல்ட்டாய் மாற்றித் தளர்த்தினார். பேரிங்கு நின்றுவிட்டது. ஆனால் துரத்தின ஆளைத் திரும்பக் கூப்பிட்டாரா என்றால், இல்லை. "ஊரில் ஒரு பேச்சு வந்துவிட்டது, இனி எப்படி?" என்றார். பூசணிக்காயும் அப்படியே தொங்கிற்று. அந்த ஆள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாய்ச் சொன்னார்கள்.

இதே மாதிரி ஒரு தொல்லை ஸ்வீடனில் கோத்தன்பர்க் ஊரில் ஒரு துணி ஆலையிலும் வந்தது. ஆலை களிமண் பூமியில் கட்டியது. மண் இறங்க இறங்க நீண்ட அச்சுகள் கோணிக்கொண்டன. பேரிங்குகள் அடிக்கடி போயின. அங்கே யந்திரங்களைக் கவனித்துவந்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்கிற முப்பது வயது என்ஜினீயர், பூமியை நிறுத்த முடியாது, அச்சு கோணத்தான் செய்யும், ஆகவே கோணினாலும் வருந்தாத பேரிங்கு வேண்டும் என்று யோசித்தார். வெளிவளையத்தின் உட்புறத்தைத் தடமாக வெட்டாமல் ஒரு பெரிய உருண்டையின் உட்புறத்தைப்போல் குழித்து, அதில் இரண்டு வரிசைக் குண்டுகளை ஓடவிட்டார். அச்சு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டுகளும் கூடச் சாய்ந்து கொடுத்தன. இது 1907-ல் நடந்தது. அந்த வருஷம் ஆரம்பித்த எஸ்.கே.எப். கம்பெனியின் பேரிங்குகளை இன்று நம் ஊர்க் கடைகளிலும் பார்க்கலாம்.

பேரிங்கு சிறியது, போனால் ஒரு மில் நிற்கும், அவ்வளவுதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அமெரிக்காவில் ஒகாயோ மாகாணத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்கிற சிற்றூர். 2023-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி இரவு அதன் வழியாய் ஒரு கூட்ஸ் ரயில் போயிற்று. வண்டி ஒன்றின் சக்கர அச்சிலிருந்த உருளை பேரிங்கு கெட்டுச் சூடேறிக்கொண்டிருந்தது. தண்டவாள ஓரத்தில் சூட்டை அளக்கும் கருவிகள் இருந்தன. முதல் கருவி, வெளிக்காற்றைவிட 21 டிகிரி செண்டிகிரேடு அதிகம் என்று காட்டிற்று. அடுத்த கருவி சேலம் என்கிற ஊரில் - நம் சேலமல்ல, அந்த மாகாணத்துச் சேலம் - 57 டிகிரி அதிகம் என்று காட்டிற்று. ஆனால் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனி வைத்திருந்த வரம்பு ஏறக்குறைய 94 டிகிரி. ஆகவே ரயில் நிற்கவில்லை. அந்தச் சேலத்திலேயே வண்டிக்கு அடியில் நெருப்பு தெரிந்தது ஒரு தொழிற்சாலைக் காமிராவில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவது கருவி இன்னும் சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அது 140 டிகிரி அதிகம் என்று காட்டி எச்சரித்து, டிரைவர் வண்டியை நிறுத்துவதற்குள் அச்சு முறிந்து 38 வண்டிகள் கவிழ்ந்தன.

அவற்றில் ஐந்து தொட்டிகளில் வைனில் குளோரைடு என்கிற விஷ வாயுச் சரக்கு. சுமார் 2000 ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தொட்டி வெடிக்கும் என்று பயந்து மூன்றாம் நாள் அந்தச் சரக்கை வேண்டுமென்றே திறந்து கொளுத்தினார்கள். கரும்புகை ஊரை மூடிற்று. அந்தக் கொளுத்தலே தேவையில்லாதது என்று அந்நாட்டு விபத்து விசாரணை போர்டு 2024-ல் முடிவு சொல்லிற்று. கருவி அளந்தது பேரிங்கின் வெளிச்சூட்டை. உள்ளே இருந்த சூடு அதைவிட எவ்வளவோ அதிகம் என்பதையும் எடுத்துக் காட்டிற்று.

அங்கே குற்றம் குண்டின்மேல் இல்லை, உருளையின்மேல் இல்லை. 94 என்று கோடு போட்டதிலும், கருவிக்கும் கருவிக்கும் 30 கிலோமீட்டர் இடைவெளி விட்டதிலும் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அன்றைக்கு ரயிலை ஓட்டியவர்களை யாரும் ராசியில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. மூன்று கருவிகளின் எண்களை வரிசையாய் எழுதி விசாரித்தார்கள்.

ஒர்க்ஷாப்பில் வேலை செய்யும் வாலிபர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அச்சில் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தின்மேல் சுத்தியால் அடிக்காதீர்கள். அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் ஒன்பது பள்ளம் விழும். அந்தப் பேரிங்கு பிறக்கும்போதே செத்தது. உள்வளையத்தின்மேல் குழாய் வைத்துத் தட்டுங்கள். அல்லது எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குக் காய்ச்சி நழுவவிடுங்கள். கிரீஸை வயிறு முட்ட அடைக்காதீர்கள். காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். மிஞ்சினால் கிரீஸைக் கடைவதிலேயே சூடேறிவிடும். அட்டையைப் பிரித்த பேரிங்கை மேஜைமேல் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அரிசி மில்லில் கழற்றின பேரிங்கு ஒன்றை அறுத்து இந்த மேஜைமேல் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் செதிள் பெயர்ந்து, மறுபக்கம் பளபளவென்று இருப்பதைப் பார்க்கலாம். பெல்ட்டு எந்தப் பக்கம் இழுத்தது என்பதை அதுவே சொல்லும். பூதக்கண்ணாடியும் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கிறவர்கள் முதலில் வந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் உள்ளவர்களுக்கு வழிவிடுங்கள்.